சிகரெட் ஃபேக்டரியில் பிறந்த பள்ளிக்கூடம்

'வால்டார்ஃப் முறை'ன்னதும், குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கதை சொல்லி எழுத்து கத்துக்கொடுக்கிற வசதியான குடும்பம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா வால்டார்ஃப்ங்கிறது ஒரு சிகரெட் கம்பெனியோட பேர்ல இருந்து வந்தது.

1919, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். உலகப்போர் முடிஞ்ச மறுவருஷம். வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஃபேக்டரியை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேணும்னு ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டார். செப்டம்பரில் 256 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. பெரும்பாலானவங்க ஃபேக்டரி வீட்டுப் பிள்ளைகள். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

முதல்ல கதை. அப்புறம் கதையில் வர்ற மீனை வரையணும். அந்தப் படத்திலிருந்தே மெல்ல 'எஃப்' எழுத்து வெளிய வரும் (ஜெர்மன்லயும் மீன் 'ஃபிஷ்'தான்). நம்ம அரிச்சுவடியில் அணில் 'அ'வுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். இங்க மீனே எழுத்தாகுது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998ல ஹூண்டாய் கார் வெளிவந்ததிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் பல வீடுகளில் ஷிஃப்ட் வாழ்க்கைதான். நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற அம்மாவுக்கு ஹோம்ஸ்கூலிங் பண்ண நேரம் ஏது? ஸ்டுட்கார்ட்டில் கதை சொன்னது அம்மா இல்லை, டீச்சர். அந்தப் பள்ளிக்கு மோல்ட் தன் சொந்தக் காசையும் போட்டார்.