மறுக்கப்பட்ட எழுத்தும் அச்சாளர் கென்னடியும்

ஆசிரியரைத் தெய்வத்திற்கு நிகராக வைத்துப் போற்றும் மரபு நம்முடையது. அத்தகைய நமக்கு, எழுத்துக் கற்பித்தலைக் குற்றமாகக் கருதிய சட்டமும் இவ்வுலகில் இருந்தது என்பது வியப்பையே தரும். ஆயினும் வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றது. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலம் 1832ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைகளுக்கோ அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கோ எழுத்துக்கூட்டவும் படிக்கவும் எழுதவும் கற்பிக்க முயல்வோர், 250 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மேற்படாமலும் தண்டம் செலுத்த வேண்டும் என்று அது விதித்தது.

எழுத்து மறுக்கப்பட்ட அம்மக்களையே எழுத்து விலைகூறி விற்றது. அடிமை ஏலம் நடைபெறும் நாளையும் இடத்தையும் அறிவிக்கும் தாள்கள் அக்கால அச்சகங்களில் தயாராயின. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசளிப்பதாகச் செய்தித்தாள்களில் விளம்பரங்கள் வந்தன. தோளில் மூட்டை தாங்கி விரைந்து செல்லும் ஒரு மனித உருவத்தை அச்சுக்கட்டையாகச் செய்து, அதையே பலருடைய விளம்பரங்களுக்கும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். ஓடியவர் யாராயினும் படம் ஒன்றே! அம்மனிதருக்குத் தனி முகம் உண்டு என்பதை அந்த அச்சு ஏற்கவில்லை.

1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது, இழிவு ஒழியவில்லை. 1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கிய துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் அழுத்தும் பொறியிற் சிக்கி உயிரிழந்தனர். சில நாள்களில் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ‘நான் ஒரு மனிதன்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் நான்கே சொற்கள் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்ட அட்டைகளை அவர்கள் ஏந்தி நடந்தனர்.

மொழி பயில்வோர் இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். முதியவரேயாயினும் கறுப்பரைப் ‘பையன்’ என்று விளிப்பது அங்கு வழக்கமாக இருந்தது. அவ்விளிக்கு விடையாகவே ‘மனிதன்’ என்னும் சொல் எழுந்தது. தமிழில் ‘நான் மனிதன்’ என்றாலே தொடர் நிறைவு பெறும், வினைச்சொல் வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ இருப்பைக் குறிக்கும் வினை இன்றியமையாதது. அந்த வினையின் கீழேதான் அவ்வட்டைகளில் கோடிடப்பட்டிருந்தது. ‘ஆம், மனிதனே’ என்னும் அழுத்தத்தை அக்கோடு தந்தது. அப்போராட்டத்திற்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ஆம் நாள் தொழிலாளர் சங்கம் ஏற்பினைப் பெற்றது.

இவ்வழியில் தோன்றியவரே ஏமஸ் பால் கென்னடி. லூசியானா மாநிலத்தில் பிறந்த இவர், கணிதம் பயின்று பெரிய தொலைபேசி நிறுவனமொன்றில் கணினித் துறையில் நல்ல பணியில் இருந்தார். நாற்பதை நெருங்கிய பருவத்தில் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைமை போற்றும் ஊருக்குச் சென்றபோது, பதினெட்டாம் நூற்றாண்டு முறையில் எழுத்துக் கோத்து அச்சிடுவதைக் கண்டார். அக்காட்சி அவர் வாழ்க்கையையே மாற்றியது. பணியைத் துறந்தார், அக்கலையைக் கற்றார், 1997ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். சிலகாலம் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பின்னர் அதையும் விடுத்து, அலபாமாவின் சிற்றூர்களில் அச்சுப்பொறியை நிறுவினார். கறுப்பருக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தண்டித்த அதே மாநிலத்தில், ஒரு கறுப்பர் தம் கையால் எழுத்துக் கோத்து அச்சிட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவர் கையாண்டவை மரத்தாலான பெரிய எழுத்துகள். ஈய எழுத்து பெரிதானால் சுமை மிகும். ஆகவே சுவரொட்டிகளுக்கு மர எழுத்தே ஏற்றதாயிற்று. மலிவான பழுப்பு அட்டையில் ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணமாகப் பலமுறை அச்சிடுவது அவர் முறை. அடியிலுள்ள சொற்கள் மேலுள்ள சொற்களின் ஊடே தோன்றும். ஒரு படியைப்போல் மற்றொரு படி இராது. ஒரே கட்டையை எல்லா மனிதர்க்கும் பயன்படுத்திய பழைய விளம்பரத்திற்கு இது நேர்மாறன்றோ? மாண்ட்கோமரி நகரில் 1955ஆம் ஆண்டு பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரின் கூற்றுகளையும் ஆப்பிரிக்கப் பழமொழிகளையும் அவர் அச்சிட்டார். எளியோரும் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுமாறு குறைந்த விலைக்கே விற்றார். கலைஞர் என்னும் பட்டத்தினும் அச்சாளர் என்னும் தொழிற்பெயரையே விரும்பினார்.

2013ஆம் ஆண்டில் அவர் டெட்ராயிட் நகருக்குக் குடிபெயர்ந்தார். 2024ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவ் அவருடைய படைப்புகளைக் கண்காட்சியாக வைத்து, நூலாகவும் வெளியிட்டது.

கணினி வந்தபின் பழைய எழுத்துகள் பயனற்றவை என்று பல அச்சகங்களிலிருந்து கழிக்கப்பட்டன. ஆனால் எழுத்தின் பயன் கருவியின் புதுமையில் இல்லை. அதைக் கைக்கொள்பவரின் நோக்கத்தில் உள்ளது. மனிதனை விற்கவும் எழுத்து உதவிற்று; மனிதனை மனிதன் என்று முழங்கவும் எழுத்தே உதவிற்று. வகுப்பறையில் நாம் எளிதாகக் கற்பிக்கும் எழுத்து, ஒரு காலத்தில் ஓர் இனத்துக்கே மறுக்கப்பட்ட உடைமை என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. அறிந்தபின் அதனை யாருக்காகப் பயன்படுத்துவது என்னும் வினாவும் அவர்கள் உள்ளத்தில் எழும்.