வில்யாழும் மின்கித்தாரும்

தமிழில் ‘தந்தி’ என்னும் சொல்லுக்கு, யானை என்ற பொருளை ஒதுக்கி வைத்தால், இரண்டு பொருள்கள் நிற்கின்றன. வீணையில் முறுக்கிக் கட்டப்படும் கம்பி ஒன்று. மின்னாற்றலால் தொலைவில் உள்ளார்க்கு விடுக்கப்படும் செய்தி மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டில் அப்புதிய அமைப்பு வந்தபோது நம் முன்னோர் இசைக்கம்பியின் பெயரையே அதற்கும் இட்டு வழங்கினர். இவ்விரு பொருள்களும் ஒரே கருவியில் கூடும் நாள் ஒன்று வரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் அந்நாள் வந்தது. இசைக்கும் கம்பியே மின்னோட்டத்தை எழுப்பும் கருவி 1931இல் உருவாயிற்று. இன்று பினாங்கு இளைஞர் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறும் மின்கித்தார் அதுவே.

மின்கித்தார் என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அது மேனாட்டு இரைச்சல் என்பர். ஆலையில் அச்சிட்டு வார்த்த பொருள் என்பர். இரைச்சலா இசையா என்பது வாசிப்பவர் கையைப் பொறுத்தது. ஆலையில் பிறந்தது என்பதோ வரலாற்றுக்கு மாறானது. அக்கருவி வீட்டு மேசையில் பிறந்தது. வீட்டுப் பட்டறையில் வளர்ந்தது. கிடைத்த மரத்தையும் நாரையும் கொண்டு தன் கையாலேயே கருவி செய்துகொள்ளும் அவ்வழக்கமோ தமிழர்க்குப் புதிதன்று. அதற்குச் சான்று சங்க இலக்கியத்திலேயே உளது.

கோவலன் செய்த கருவி

தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயனைக் காட்டுகிறார். அவன் தீக்கடைகோலால் துளையிட்டுத் தானே ஒரு குழல் செய்கிறான். அதனை ஊதிச் சலித்தபின், உட்டுளையுடைய குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்து விரலால் இசைக்கிறான். அவ்வோசையைத் தம் இனத்தின் ஒலியென்று எண்ணி வண்டுகள் செவிசாய்க்கின்றனவாம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாது? அவன் பாணன் அல்லன். யாழ் மீட்டிப் பரிசில் பெறுபவனும் அல்லன். ஆடு மாடு மேய்ப்பவன். காட்டில் கிடைத்த கொம்பும் நாரும் அவனுடைய மூலப்பொருள்கள். மரத்தடியே அவனுடைய பட்டறை. ஒரு மனிதன் தன் இன்பத்திற்காகத் தன் கையால் ஓர் இசைக்கருவியைச் செய்த செய்தியை இத்துணைத் தெளிவாக, செய்பொருளின் பெயரோடு கூறும் பழம்பாட்டு நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு.

பாணர் கையிலிருந்த யாழோ நுட்பம் மிக்கது. கரிகாற் பெருவளத்தானைப் பாடும் பொருநராற்றுப்படை அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. பத்தர் மானின் குளம்பு பதிந்த தடம் போன்றது. போர்த்திய தோல் விளக்கின் சுடர் நிறத்தது. துளையை அடைத்த ஆணி நண்டின் கண் போன்றது. வறுவாய் எட்டாம் நாள் திங்களின் வடிவினது. மேலெழுந்த கோடு தலைதூக்கிய பாம்பை ஒத்தது. முடத்தாமக் கண்ணியார் கருவியை அருகிருந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் உவமையால் உருவத்தை அறியலாம். அளவை அறிய இயலாது. பத்தர் எத்தனை விரல் ஆழம், கோடு எத்தனை சாண் நீளம், எந்நரம்பு எவ்வளவு தடிப்பு என்பனவற்றைச் செய்தவன் கை அறிந்திருந்தது; ஏடு அறியவில்லை. பாணர் குலம் ஆதரவு இழந்து சிதைந்தபோது அக்கையறிவும் உடன் மறைந்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது என்பதும் ஒரு குறையாகப் பின்னர் உணரப்பட்டது. திருஞானசம்பந்தர் தருமபுரத்தில் பாடிய பதிகம் யாழில் அடங்காமற் போகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க முற்பட்டார் என்னும் வரலாறு இதனை உணர்த்துவது. ஒரே தந்தியில் பல சுரம் காட்டும் வீணை மேலோங்கியது. யாழ் சொல்லாக மட்டும் எஞ்சியது.

அச்சொல்லிலிருந்து கருவியை மீட்க முனைந்தவர் ஈழம் தந்த விபுலாநந்த அடிகள். மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த அடிகளார் தமிழறிஞர் மட்டுமல்லர். அறிவியல் பட்டம் பெற்றவர். ஆதலின் புலவர் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகளார் மறைந்தார். ஒரு கருவியைச் செய்யும் அறிவு மறைந்தால் அதனை மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பு வேண்டியிருக்கின்றது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பலாமரம் கூறும் உறவு

யாழின் வளைந்த தண்டுக்குக் ‘கோடு’ என்று பெயர். கோடு என்பது மரக்கிளையையும் குறிக்கும். அரபு நாட்டார் தம் நரம்புக்கருவியை ‘ஊத்’ என்பர்; அச்சொல்லுக்கும் மரம் என்றே பொருள். மரத்தின் பெயரையே கருவிக்கு இடும் இயல்பு இருமொழிக்கும் பொதுவாயிருத்தல் இன்பம் பயப்பது. ஊத் ஐரோப்பாவுக்குச் சென்று ‘லூட்’ என்னும் கருவியாயிற்று. கிழக்கே வந்த அரபு வணிகரோடு அவ்வினக் கருவிகள் மலாய் நாட்டில் காம்புஸ் ஆயின. பினாங்கில் அவ்வணிகர் சுவடு இன்றும் உண்டு. லெபோ ஆச்சேயில் உள்ள பள்ளிவாசல் 1808இல் எழுந்தது.

மலாய்க் காம்புஸ் பெரும்பாலும் ஒரே பலாமரத் துண்டைக் குடைந்து செய்யப்படுவது. தஞ்சாவூரில் ஒரே மரத்தில் குடையும் ‘ஏகாண்ட வீணை’யும் பலாமரத்தில் ஆவதே. மலாய்த் தச்சனும் தஞ்சைத் தச்சனும் ஒருவர் மொழியை ஒருவர் அறியார். ஆயினும் உளியை வைத்த மரம் ஒன்று. நாம் பலா என்கிறோம். அவர்கள் நங்கா என்கின்றனர். கைத்தொழிலுக்கு நாட்டெல்லை கிடையாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பத்தரை இழந்த யாழ்

இக்கருவிகள் அனைத்திலும் ஓசையைப் பெருக்குவது குடைவான வயிறு. யாழுக்குப் பத்தர், வீணைக்குக் குடம், கித்தாருக்குப் பெட்டி. 1920களில் மேனாட்டு இசைக்குழுக்களில் பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் மிகுந்தன. அவற்றினிடையே கித்தாரின் மெல்லோசை அமுங்கிற்று. பெட்டியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. அப்போதுதான் சிலர் எதிர்த்திசையில் எண்ணினர்: பெட்டியையே நீக்கிவிட்டால் என்ன?

1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை அவர்க்குத் துணை நின்றது. கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால் அச்சுருளில் மின்னோட்டம் எழும். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது புலம் மாறுகின்றது. சுருளில் அவ்வதிர்வு மின்னாகப் பிறக்கின்றது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஓசையாக்குகின்றது. இங்கே ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்: விலங்கு நரம்பையோ மரல் நாரையோ கட்டினால் இக்கருவி வாய் திறவாது. தந்தி எஃகாலோ காந்தம் ஈர்க்கும் வேறு உலோகத்தாலோ ஆனதாயிருத்தல் வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவாய்க் கித்தார் வாசித்துவந்த ஜார்ஜ் பீச்சம் என்பார், முதலில் ஒரு மரக்கட்டையில் ஒற்றைத் தந்தியைக் கட்டி, இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து கழற்றிய உறுப்பைப் பொருத்திப் பார்த்தார். துணி துவைக்கும் பொறியின் மோட்டாரைக் கொண்டு கம்பிச்சுருள் சுற்றப்பட்டது என்பர். இரண்டு இலாடக் காந்தங்களோடு அமைந்த அவ்வுறுப்புக்கு ஹாரி வாட்சன் என்னும் தச்சர் சில மணி நேரத்தில் உளியாலும் அரத்தாலும் மர உடல் செதுக்கிக் கொடுத்தார். வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்தமையால் அதற்கு ‘வறுக்கும் சட்டி’ என்று பெயராயிற்று. 1932இல் அலுமினியத்தில் வார்த்து விற்றனர். 1937இல் காப்புரிமை கிட்டியது.

பின்னர் 1940 அளவில் லெஸ் பால் என்னும் இசைஞர் நான்கு அங்குலப் பைன் மரக்கட்டை ஒன்றில் தந்தி கட்டி வாசித்தார். கேட்டவர்க்கு ஓசை உவந்தது; கண்டவர்க்கு உருவம் உவக்கவில்லை. எனவே ஒரு பழைய கித்தாரின் பெட்டியை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் ஒட்டினார்! வானொலி பழுதுபார்ப்பவரான லியோ பெண்டர், தாம் கித்தார் வாசிக்கத் தெரியாதவராயினும், 1950இல் எளிய முறை ஒன்றைக் கொணர்ந்தார். உடல் ஒரு பலகை. கழுத்து ஒரு பலகை. இரண்டையும் திருகாணி இணைக்கும். இழைப்புளியும் உளியும் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம் என்னும் நிலை அன்று பிறந்தது.

தந்தையும் மகனும்

அதனை மெய்ப்பித்தவர் இலண்டனை அடுத்து வாழ்ந்த ஒரு பள்ளி மாணவர். பிரையன் மே என்னும் அவ்விளைஞர்க்குக் கடைக் கித்தார் வாங்கப் பொருளில்லை. மின்னணுத் தொழில் அறிந்த தந்தை ஹாரல்டுடன் சேர்ந்து 1963இல் தாமே செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேற்பலகை கழுத்தாயிற்று. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார். பழைய மேசையின் ஓக்கு மரம் உடலில் சேர்ந்தது. மோட்டார் சைக்கிளின் சுருள்வில், சட்டையின் முத்துச்சிப்பிப் பொத்தான், தாயின் பின்னலூசி ஆகியன உறுப்புகளாயின. இரண்டாண்டு உழைப்பு! அவர்கள் முதலில் செய்த காந்தச்சுருள் மட்டும் தந்தியை இழுத்து வளைக்கும்போது பிழைபட்டது. அதற்கு நாணாது, கடையில் வாங்கிய சுருளைப் பொருத்தினர். பின்னர்க் ‘குயின்’ இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்றபோதும், 2007இல் விண்ணியற்பியலில் முனைவரானபோதும், மே அக்கருவியைக் கைவிடவில்லை.

அக்கித்தாரில் மெட்டுகள் 24. நம் வீணையிலும் 24. இரண்டும் ஈரியக்கு அளவு. ஆனால் மெட்டு வைக்கும் முறை வேறு. வீணையில் தேன்மெழுகின்மேல் மெட்டை நிறுத்திச் செவியால் சரிபார்ப்பர். மெழுகு தேய்ந்தால் மீண்டும் அமைப்பர். கித்தாரிலோ மரத்தை அறுத்து மெட்டைப் பதிப்பதால் ஒருமுறை தவறினால் தவறியதே. ஆகவே கணக்கு வேண்டும். தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் தெரியும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்தது. 25½ அங்குலத் தந்திக்கு முதல் மெட்டு ஏறத்தாழ 1.43 அங்குலத்தில் விழும். ஏழாம் மெட்டில் எஞ்சும் நீளம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதுவே இளி என்னும் பஞ்சமம். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில் நிற்கும்.

பினாங்கு மண்ணில்

மே தம் கருவியை இழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மலாயாவிலும் மின்கித்தார் அலை எழுந்தது. 1961இல் கிளிப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூரில் வாசித்துச் சென்றனர். அதன்பின் ஊர்தோறும் இளைஞர் குழுக்கள் தோன்றின. விரைவிசைக் கித்தார்க் குழு என்று பொருள்படும் மலாய்த் தொடரைச் சுருக்கி அவற்றைக் ‘கூகிரான்’ என்றனர். அக்குழுக்களின் இசைக்குப் ‘பாப் ஏ ஏ’ என்று பெயர் நிலைத்தது. வயலினும் கித்தாரும் பழகிய பி. ரம்லியை 1929இல் ஈன்ற பினாங்கு, இவ்வலையிலும் பின்தங்கவில்லை. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறப்புகள் இடம்பெற்ற ‘அலிகேட்ஸ்’ குழு 1960களின் இறுதியில் இத்தீவில் தோன்றி, மலாய்ப் பாடல்களால் நாடு முழுதும் பெயர் பெற்றது. லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர் குரல் மறையவில்லை.

“இவையெல்லாம் நம் இசையாகுமா?” என்று வினவலாம். வயலின் வந்தபோதும் இவ்வினா எழுந்திருக்கலாம். பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கினார். இன்று அஃதின்றிக் கச்சேரி இல்லை. நம் காலத்தில் உ. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை ஐந்து தந்திகளோடு அமைத்து, 2014இல் மறையும்வரை இராகங்களை அதில் பொழிந்தார். கருவி எந்நாட்டில் பிறந்தது என்பதைவிட, அதனைத் தம் இசைக்கேற்பத் திருத்தும் துணிவு நமக்கு உண்டா என்பதே வினா.

அத்துணிவு செய்யும் கையிலிருந்து பிறப்பது. வாங்கிய கருவியை நாம் வணங்குகிறோம். செய்த கருவியையே திருத்துகிறோம். நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆற்றுப்படை நடத்தும் ஆசிரியர் இதனை ஒரு முறை செய்து பார்க்கலாம். ஒரு பலகை, ஓர் எஃகுத் தந்தி, இரண்டு ஆணி, ஒரு காந்தம், மயிரிழை போன்ற செப்புக்கம்பியில் சில ஆயிரம் சுற்று, ஒரு சிறிய ஒலிபெருக்கி ஆகியவை போதும். மாணவர் தாமே கட்டி மீட்டட்டும். அருகே ஒரு கொம்பை வளைத்து நார் கட்டி வில்யாழும் செய்யட்டும். பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் சொற்கள் அன்று அவர்க்கு அருஞ்சொற்பொருளாக இரா. தொட்டறிந்த பொருளாக இருக்கும்.

பொருநராற்றுப்படையைப் பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். அவ்யாழைச் செய்தவன் பெயர் தெரியாது. பாடினவரைப் போற்றிய நாம் செய்தவனை மறந்தோம், கருவியையும் இழந்தோம். இனிச் செய்யும் கையையும் போற்றுவோம்.