கஸலும் கவிக்கோவும்

அரபுக் கஸீதாவின் தொடக்கத்தில் காதலைப் பாடும் பகுதிக்கு நஸீபு என்று பெயர். அதுவே பின்னர்த் தனித்து வளர்ந்து கஸல் ஆயிற்று என்பர். பாரசீகத்தில் ஹாபிஸும், உருதுவில் காலிபும் (1797–1869) அதனைச் சிகரமேற்றினர். தமிழில் அதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017).

மதுரையில் பிறந்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய அன்னார், 1974இல் 'பால்வீதி'யால் புகழ் பெற்றார். 'ஆலாபனை' 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அன்னாரின் கஸல் தொகுப்பே 'மின்மினிகளால் ஒரு கடிதம்'.

காத்திவாக்கத்தில் அந்நூலை நாம் எடுத்துரைத்தபோது, காதலும் மதுவும் நமக்கு ஆகுமா என வினவினார் பெரியவர் ஒருவர். ஸூபிகளின் மரபில் காதலி என்பது இறைவனைக் குறிக்கும். மது என்பது அவன்பால் கொண்ட மெய்ம்மறதியைக் குறிக்கும். கவிக்கோவும் இவ்விரு பொருளும் தோன்றவே பாடினார். ஆதலின் அவ்வினாவுக்கு விடை எளிது.

நம் குறை வேறு. ஈரடியில் ஒரு கருத்தை நிறைவாக்கும் கஸலின் உயிரைக் கவிக்கோ பற்றினார். காபியா, ரதீபு என்னும் ஒலிக்கட்டை இறுகப் பற்றினாரல்லர். மீண்டும் மீண்டும் வந்து செவியை நிறைக்கும் ரதீபை இழந்தது இழப்பே. அதற்கு ஈடாகத் தமிழில் இயைபுத் தொடை உண்டன்றோ? கிஸ்ஸா, மஸ்அலா, முனாஜாத்து, நாமா ஆகியவற்றைக் கொணர்ந்த நம் முன்னோர், அவற்றைத் தமிழ் யாப்பிலே பாடிக் காட்டினர்.

கவிக்கோ வாயிலைத் திறந்து வைத்தார். அவ்வொலியையும் உள்ளே அழைத்து வருதல் நம் இளங்கவிஞர்தம் கடன்.