அடைத்தலும் அடைதலும்

காரைக்கால்மேட்டில் உள்ள அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, முற்றத்தில் புதிதாக ஒரு மரக்கூண்டு நிற்கக் கண்டேன். நான்கு கால்கள், இடுப்பளவு உயரம், தகரக் கூரை, ஏறிச் செல்லச் சாய்வாக ஒரு பலகை. அதனுள் வாழவேண்டிய ஐந்து சிறு கோழிகளோ, அந்தி மங்கும் வேளையில் கூண்டுக்கு அடியில், ஈர மணலில், ஒன்றோடொன்று ஒண்டிப் படுத்திருந்தன. வளர்ப்போர் 'பேண்டம்' என்று அழைக்கும் குட்டையினக் கோழிகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடைகூட இராது.

"நாம அடைச்சா உள்ள இருக்கும். தானா அடையறதுக்கு இன்னும் பழகல" என்றார் அத்தை.

இலக்கண நூலைத் திறக்காமலேயே அவர் தன்வினையையும் பிறவினையையும் பிரித்துவிட்டார். கோழியை நாம் அடைக்கிறோம். கோழி தானே அடைகிறது. முன்னது நம் செயல், பின்னது அதன் செயல். நம் ஊர்களில் மாலைப்பொழுதுக்கே 'கோழி அடைகிற நேரம்' என்று பெயருண்டு. ஓரிடத்தைப் போய்ச் சேர்வதும் அடைதல்தான். புகலிடம் தேடி வருவதை அடைக்கலம் என்கிறோம். புதிய கூட்டுக்குக் கோழியைப் பழக்குவது என்ற சிறிய காரியம், அடைத்தலிலிருந்து அடைதலுக்கு அதை இட்டுச் செல்வதே. அந்த வழி கோழியின் வரலாற்றில் மிகப் பழையது. நம் கடற்கரையின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடமுண்டு.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். சாவகத் தீவின் மேற்கு முனையில் பாண்டென் என்றொரு துறைமுகம் இருந்தது. மிளகுக்குப் பேர்போன சுல்தானகத்தின் தலைநகர் அது. கொர்னேலிஸ் டி ஹௌட்மன் தலைமையில் முதல் டச்சுக் கப்பல்கள் 1596இல் அங்கே வந்தன. சில ஆண்டுகளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் பண்டகசாலையை நிறுவியது. கப்பலோட்டிகள் அத்துறையில் ஏற்றிச்சென்ற சிறு கோழிகளுக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய நாவில் அது 'பேண்டம்' ஆயிற்று. பின்னர் எந்தக் குட்டைக் கோழிக்கும் அதுவே பொதுப்பெயராகி, குத்துச்சண்டையில் ஓர் எடைப்பிரிவின் பெயராகவும் ஏறிவிட்டது.

இந்தப் பாண்டென் நமக்கு அயலூர் அன்று. மிளகு விற்பவர் வெள்ளியைக் காட்டிலும் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணிகளைத்தான். இங்கே துணி வாங்கி, அங்கே மிளகாக மாற்றி, ஐரோப்பாவுக்கு ஏற்றுவது வணிகர்களின் வழக்கமாக இருந்தது. 1639இல் சென்னையில் இடம்பெற்று ஆங்கிலேயர் எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டை, தொடக்க ஆண்டுகளில் பாண்டெனிலிருந்த கம்பெனி அதிகாரிகளுக்குக் கட்டுப்பட்டே இயங்கியது. 1650களில்தான் அது தனி மாகாணத் தலைமையிடமாக உயர்ந்தது. பின்னாளில் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட கோட்டை, ஒருகாலத்தில் ஒரு மிளகுத் துறைமுகத்தின் உத்தரவுக்குக் காத்திருந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

காரைக்காலுக்குச் சற்று வடக்கே, தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிய டேனியரும் பாண்டெனில் வணிகம் செய்தவர்களே. 1682இல் அந்தச் சுல்தானகத்தில் தந்தைக்கும் மகனுக்கும் போர் மூண்டது. டச்சுக்காரர் மகன் பக்கம் நின்று வென்றனர். பிற ஐரோப்பியர் வெளியேற்றப்பட்டனர். துறைமுகத்தின் செல்வாக்கு மெல்ல மங்கியது. உலகெங்கும் புழங்கும் பெயராக அதனிடமிருந்து மிஞ்சியது, முற்றத்தில் கொத்தித் திரியும் இந்தச் சிறு உயிரின் பெயர்தான்.

பெயர் பாண்டெனிலிருந்து வந்தது. கோழி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடைதேடியவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். காரைக்கால் பிரெஞ்சியர் வசமானது 1739இல். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சிந்தியாவில் பணியாற்றிய இயற்கையாய்வாளர் பியேர் சொன்னரா, தன் கிழக்கிந்தியப் பயணநூலை 1782இல் வெளியிட்டார். தென்னிந்தியக் காடுகளின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று அவர் கருதினார். 1793இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட அவர் விடுபட்டது 1813இல். அதே ஆண்டில்தான் டச்சு அறிஞர் தெம்மிங்க் அப்பறவைக்குச் சொன்னராவின் பெயரையே அறிவியற்பெயராகச் சூட்டினார். இருபது ஆண்டுகள் அடைபட்டிருந்த மனிதர், விடுதலைக்கு மறு ஆண்டே காலமானார்.

சார்லஸ் டார்வின் இதை ஏற்கவில்லை. வளர்ப்பு விலங்குகளைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்கோழிகள் யாவும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என்று வாதிட்டார். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியென்று பின்னர் தெரியவந்தது. 2020இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியின் ஒரு கிளையினத்தையே மூதாதையாகக் காட்டியது. ஆயினும் சொன்னராவும் முழுதாகத் தோற்றுவிடவில்லை. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் ஓர் ஆய்வு நிறுவியது. நம் காட்டின் சாயல் கோழியின் காலில் தங்கிவிட்டது.

இக்காட்டுக்கோழிகள் பகலில் தரையில் மேய்ந்தாலும் இரவில் மரக்கிளைகளில்தான் உறங்கும். பிறகு அவை ஏன் மனிதனிடம் இறங்கி வந்தன? தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழிக்கு மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. புன்செய் நெல்லும் தினையும் விளைந்த இடங்களுக்குத் தானியம் பொறுக்கவந்த பறவை, மெல்ல மனிதரோடு தங்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் கோழியை மரத்திலிருந்து இறக்கியது வலையோ கண்ணியோ அன்று, நெல்தான். நெல்லையே உயிராகக் கொண்ட காவிரிப் படுகையில் இருந்து இதைப் படிக்கையில் ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

சங்க இலக்கியத்தில் அந்த நெருக்கம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. காரைக்காலுக்கு வடக்கே இதே கடலோரத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், காயவைத்த தானியத்தைத் தின்னவரும் கோழியின்மீது பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அந்த அணி சிறுவர்களின் விளையாட்டுத் தேருக்குத் தடையாகக் கிடக்கிறதாம். ஊரின் செல்வத்தைச் சொல்ல எழுந்த காட்சி அது. ஆனால் கோழி அன்றும் முற்றத்து உறவினன்தான், அழைக்காமலே வரும் உறவினன் என்பதும் அதில் தெரிகிறது.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாடல் இன்னும் நெருங்கி வருகிறது. குறுங்கால் கொண்ட வீட்டுக்கோழிப் பேடை ஒன்று. மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனைகளைக் கண்டு அஞ்சி, எங்கே புகுவதென்று அறியாமல், குஞ்சுகளைக் கூவி அழைத்து ஒன்றுசேர்க்கிறது. ஊர் முழுதும் அலர் பேசும் வேளையில் தலைவனை வரவேண்டாம் என்று தோழி சொல்லும் பாடலில் இது உவமையாக வருகிறது. அகப்பொருளை ஒருபுறம் வைத்துவிட்டு உவமையை மட்டும் பார்த்தாலும் அது துல்லியமான அவதானிப்பு. இருள் கவியத் தொடங்கும்போது புகுமிடம் தெரியாத கோழியின் கலக்கம் எத்தகையது என்பதை மாசாத்தியார் கண்டிருக்கிறார். அத்தையின் கூண்டுக்கு அடியில் நான் பார்த்ததும் அதே கலக்கம்தான்.

இனி, அந்தக் கலக்கத்தைத் தீர்க்கும் வழிக்கு வருவோம். நம் ஊர்களில் கோழியை மூங்கில் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடுவது வழக்கம். அல்லது அது முருங்கையிலோ பூவரசிலோ ஏறிக்கொள்ளும். ஆனால் வடகிழக்குப் பருவமழையின்போது, ஐப்பசி கார்த்திகை மாதங்களில், கடலோரத் தரையில் பஞ்சாரத்துக்குள் ஈரம் ஊறும். பாம்பும் கீரியும் பெருச்சாளியும் தரைவழியே வரும். உடல் சிறுத்த கோழிக்கு ஈரமும் குளிரும் சேர்ந்தால் தாங்குவது கடினம். கால்வைத்த கூண்டு இவற்றுக்கெல்லாம் நல்ல விடை. உயரத்தில் உறங்குவது கோழிக்குப் புதிதும் அன்று; அதன் மூதாதையின் கிளைதான் அது. புதிதாக இருப்பது அந்த இடம் மட்டுமே.

கோழிக்கு இருளில் கண் தெரிவது மிகக் குறைவு. ஆகவே அனுபவசாலிகள் அதைப் பகலில் துரத்திப் பிடிக்காமல், இருட்டியபின் கையிலெடுத்துக் கூண்டின் குறுக்குக் கம்பில் அமர்த்துவார்கள். கண் விழிக்கையில் தான் இருக்குமிடமே தன் இடமென்று அது கொள்ளத் தொடங்கும். பின்னர் ஒரு வாரமாவது கூண்டையும் அதையொட்டிய வலைத்தடுப்பையும் விட்டு வெளியே விடலாகாது. தீனியும் நீரும் அங்கேயே வைக்கவேண்டும். அதன்பின் முதலில் திறந்துவிட ஏற்றது, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. அதிகம் அலைய நேரமில்லாமல், பசியும் இருளும் சேர்ந்து அதைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தியில் கூண்டுக்குள் சிறு விளக்கொன்றை எரியவிட்டால், இருண்ட வாயிலுக்கு அஞ்சும் கோழியும் துணிந்து ஏறும்.

குட்டையினத்துக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. ஏறுபலகை செங்குத்தாக இராமல் நன்கு சாய்ந்திருப்பதும், கால் வழுக்காதபடி அதில் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள் அடித்திருப்பதும் நல்லது. உட்காரும் கம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குள் இருந்தால் அந்தச் சிறு விரல்கள் பற்றிக்கொள்ளும். முட்டையிடும் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். இல்லையேல் உயர்ந்த இடமென்று அதிலேயே உறங்கி அசுத்தமாக்கிவிடும். காற்றோட்டத் துளைகள் தலைக்கு மேலே இருந்தால் மழைக்காற்று நேராகத் தாக்காது.

இன்னொன்றும் உண்டு. நார்வே நாட்டின் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துவந்தவர். யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை கோழிக்கூட்டத்தில் இருப்பதை 1921இல் விளக்கினார். இடம் மாறினால் அந்த வரிசை குலையக்கூடும். ஆகவே புதுக்கூண்டில் முதல் சில நாள் நடக்கும் பூசலைக் கண்டு உடனே பிரித்துவிடாமல், இரத்தம் வராதவரை பொறுத்திருப்பதே முறை. அவை தமக்குள் தீர்த்துக்கொள்ள நாள் வேண்டும்.

நாள் வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என்று இக்கரையின் மீனவர் ஊர்ப்பெயர்கள் பல மேட்டைக் குறிக்கின்றன. நீரை அறிந்தவர்கள் மேட்டைத் தேடிக் குடியேறினார்கள் என்று அப்பெயர்களைக் கேட்கும்போது தோன்றும். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலைக்கு அந்த மேடு போதவில்லை. மனிதரோடு படகும் வலையும் வீடும் போயின. முற்றத்து ஆடும் கோழியும் போயின.

அதன்பின் கடலோரம் முழுதும் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அலைக்கெட்டாத தொலைவு, உறுதியான சுவர், கான்கிரீட் கூரை என எண்ணிக் கட்டப்பட்டவை அவை. அவற்றின் தேவையை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் அண்டையிலுள்ள நாகப்பட்டினம் கரையில் பல இடங்களில் நின்ற மரங்களை வெட்டித் தரையைச் சமன்செய்தபின்பே வீடுகள் வரிசையாக எழுந்தன. வலை பின்ன நிழலும், மீன் உலர்த்த முற்றமும், கோழி ஏற ஒரு மரமும் வீட்டின் கணக்கில் வரவில்லை. சாவியைப் பெற்றுக்கொண்டும் பகற்பொழுதைப் பழைய கரையிலேயே கழித்தவர்கள் உண்டு. அவர்களை நன்றியில்லாதவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

மனிதரைக் கோழியோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. கோழிக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பொறுமையை மனிதருக்கு அளித்தோமா என்பதே கேள்வி. வீடு கட்டிக்கொடுப்பது அடைத்தலோடு நின்றுவிடலாம். அடைவது குடியிருப்பவரின் செயல். அதற்கு வேண்டிய மரத்தையும் முற்றத்தையும் நாளையும் விட்டுவைப்பதும் கட்டுபவரின் கடமைதான்.

அத்தையிடம் அன்றிரவு விளக்கைப் பிடித்தபடி நின்றேன். அவர் கூண்டுக்கடியில் குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பில் அமர்த்தி, சிறகை ஒருமுறை தடவிவிட்டுக் கதவைச் சாத்தினார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தேன். நான்கு தாமாகவே ஏறி அடைந்துவிட்டனவாம். ஒன்று மட்டும் இன்னும் முருங்கை மரத்தில்தான் இருக்கிறதாம்.

"அதைப் பிடிச்சு அடைக்கலையா?" என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னாடி அதுவே வந்துடும்" என்றார்.