வடிகட்டியை அடைத்தது எது? பயோடீசல் பாதுகாப்பும் மினசோட்டாவின் இரண்டு குளிர்காலங்களும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் விற்கும் டீசலில் 2 விழுக்காடு பயோடீசல் கட்டாயம் என்ற சட்டம் 2005 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. குளிர் தொடங்கியதும் லாரிகளின் எரிபொருள் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டன. சட்டத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. 2009 ஜனவரியில் அதே மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் கடுங்குளிரில் பள்ளிப் பேருந்துகள் நின்றபோதும் பழி பயோடீசல் மீதே விழுந்தது.

முதல் பழி நியாயமானது; சந்தைக்கு வந்த பயோடீசலில் ஒரு பகுதி தரம் தவறியிருந்தது. இரண்டாவது அப்படியல்ல. அடைத்திருந்த பொருளைச் சோதித்தபோது, அது சாதாரண டீசலிலிருந்தே பிரிந்த மெழுகு என்று தெரிந்தது.

ஆக, கலப்பு விழுக்காட்டை மட்டும் வைத்துப் பாதுகாப்பை அளப்பது பிழை. தரம் தவறினால் 2 விழுக்காடே வண்டியை நிறுத்திவிடும். தரமானது 20 விழுக்காடு கலந்தாலும் வண்டி சிக்கலின்றி ஓடும். பயோடீசல் தயாரிக்க எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்யும்போது கிளிசரின் பிரிகிறது. வினை முழுமையடையாவிட்டால் கிளிசரின் பிணைந்த மோனோகிளிசரைடுகள் எரிபொருளிலேயே தங்கிவிடும். குளிரில் வெண்படிவாக இறங்கும் இவை, வண்டி சூடேறிய பின்னும் எளிதில் கரைவதில்லை. அமெரிக்கத் தரவிதி மொத்தக் கிளிசரினுக்கு 0.24 விழுக்காட்டையே உச்சவரம்பாக வைத்திருப்பது இதனால்தான். 2006இல் அந்நாட்டுத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் எடுத்த மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை தரவிதியில் தேறவில்லை.

2008இல் அந்தத் தரவிதியில் சேர்ந்த குளிர்ச் சோதனை இந்தக் குறையை நேரடியாகப் பிடிக்கிறது. 300 மில்லிலிட்டர் பயோடீசலை 4.4 டிகிரி செல்சியசில் 16 மணி நேரம் வைத்து, அறை வெப்பத்துக்குத் திரும்பியபின் 0.7 மைக்ரான் வடிதாளில் ஊற்றுகிறார்கள். 360 நொடிக்குள் முழுதும் இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எரிபொருள்கூட இங்கே மாட்டிக்கொள்வதுண்டு.

தரமான பயோடீசலும் பழைய தொட்டிக்குள் போனால் வேறு வேலை செய்யும். அது நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாக அடியில் படிந்த கசடைக் கிளப்பி வடிகட்டிக்கு அனுப்பும். பயோடீசலுக்கு மாறிய தொடக்கத்தில் வடிகட்டியை முன்கூட்டியே மாற்றுவதும், தொட்டியடியில் தேங்கும் நீரை வடிப்பதும் தவிர்க்கக் கூடாதவை. நீர் இருந்தால் நுண்ணுயிர் வளரும். பித்தளை, செம்புப் பாகங்கள் எரிபொருள் கெடுவதை விரைவுபடுத்தும்.

விழுக்காடு உண்மையிலேயே முக்கியமாகும் இடங்களும் உண்டு. கலப்பில்லாத பயோடீசலில் பழைய எஞ்சின்களின் நைட்ரைல் ரப்பர் குழாய்கள் உப்பித் தளர்ந்துவிடும். புதிய வண்டிகளில் சிக்கல் வேறு: புகைக்கரி வடிப்பானைச் சுத்திகரிக்கச் சிலிண்டருக்குள் பிந்திப் பீய்ச்சப்படும் எரிபொருளில் ஒரு பங்கு சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. கொதிநிலை உயர்ந்த பயோடீசல், டீசலைப்போல அதிலிருந்து ஆவியாகி வெளியேறுவதில்லை. ஆயில் நீர்த்து உயவுத் திறன் குறையும். இத்தகைய வண்டிகளுக்கு உற்பத்தியாளர் அனுமதித்த கலப்பு வரம்பை மீறக் கூடாது. அதிகக் கலப்பு அனுமதிக்கப்பட்டிருந்தாலும் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்தே ஆக வேண்டும்.