செய்தியோடையும் வருகைக் கணக்கும்: அந்தமான் நிக்கோபார்

ஓர் இணையதளத்தில் புதிதாக என்ன வந்தது என்பதை வாசகருக்குச் சொல்வது செய்தியோடை. அங்கே எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள் என்பதைத் தளத்தை நடத்துபவருக்குச் சொல்வது வருகைக் கணக்கு. இரண்டும் 1990களில் வந்தவை.

ஆர்எஸ்எஸ் என்னும் ஓடை வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர். மற்றவர் டான் லிபி. 2005 டிசம்பரில் ஆட்டம் என்னும் மற்றோர் ஓடை வடிவம் தரமாக ஏற்கப்பட்டது. தமிழில் காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம், வலைப்பதிவுகளின் ஓடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. வருகைக் கணக்கை எல்லோர் கைக்கும் இலவசமாகக் கொண்டுவந்தது 2005 நவம்பரில் வெளியான கூகுள் அனலிட்டிக்ஸ்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கதை வேறு. 2020 ஆகஸ்ட் வரை அங்கே இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே ஒரு கேள்வி போய் விடை வர அரை விநாடி ஆகும். வருகைக் கணக்குக்காகப் பக்கத்தில் செருகும் கண்ணுக்குத் தெரியாத படமும் நிரலும் அந்தத் தாமதத்தைக் கூட்டுபவை. ஓடையோ சிக்கனமானது: தலைப்பு, சுட்டி, தேதி, சில வரிகள், அவ்வளவுதான். ஓடைபடிப்பான் “போன முறைக்குப் பிறகு ஏதும் மாறியதா?” என்று கேட்கும், மாறவில்லையென்றால் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். ஊரைக் காட்டுவதிலும் வருகைக் கணக்கை முழுக்க நம்ப முடியாது. இணைப்பின் முகவரி எந்த ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். படிப்பவர் உட்கார்ந்திருக்கும் ஊரையல்ல.

ஓடைக்கு இன்னொரு பயன் பேரிடர் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நிக்கோபாரைச் சிதைத்தபோது இந்தியாவுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இல்லை. ஹைதராபாத்தில் அது 2007 அக்டோபரில் தொடங்கியது. பேரிடர் எச்சரிக்கைக்கான பொது வடிவமாகிய கேப், ஆர்எஸ்எஸ்ஸைப் போலவே எக்ஸ்எம்எல்லில் எழுதப்படுவது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் இன்று அந்த வடிவில் எச்சரிக்கைகளை ஓடையாகத் தருகிறது. செய்தியோடைக்கு இதைவிடப் பெரிய பயன் எதுவும் இல்லை.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. கார் நிக்கோபார், கமோர்ட்டா, ரங்கட் உள்ளிட்ட இடங்களையும் அது இணைக்கிறது. அதற்குள் கூகுள் ரீடர் என்னும் ஓடைபடிப்பான் 2013 ஜூலையில் மூடப்பட்டு, ஓடை படிக்கும் பழக்கம் உலகெங்கும் மங்கியிருந்தது. ஆனாலும் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் நேரம் கடைசி நிமிடத்தில் மாறும்போது, அதைச் சொல்ல ஓடையும் பொருத்தமான ஒரு வழிதான்.