செல்போனில் தெரியும் பிட்காயினுக்கு யார் சாட்சி?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் பிள்ளைகள் செல்போனைக் காட்டி, "இவ்வளவு பிட்காயின் இருக்கிறது" என்கிறார்கள். அது கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கே நாம் அதற்குள் போகவில்லை. அந்த எண்ணுக்கு யார் சாட்சி என்பதே நம் கேள்வி.

ஜமாஅத்தின் வரவு செலவு நோட்டு செயலாளரிடம் மட்டும் இருந்தால் அவர் சொல்வதே கணக்கு. வீட்டுக்கு ஒரு பிரதி இருந்தால், ஒருவர் திருத்தியது மற்றவரிடம் மாட்டிக்கொள்ளும். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் இந்த இரண்டாவது வகை. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு 'பிளாக்' சேர்கிறது. முந்தையதன் முத்திரை அடுத்ததில் இருக்கும். 'நோடு' எனும் கணினி ஒவ்வொன்றும் கையொப்பம் சரியா, ஒரே காசு இருமுறை செலவானதா, 2.1 கோடி என்ற மொத்த வரம்பு மீறப்பட்டதா என்று தானே பார்க்கும். யாரையும் நம்பாது.

ஆனால் முழுப் பதிவேட்டையும் வைத்திருக்க 600 ஜிபிக்கும் மேல் இடம் வேண்டும். நம் பிள்ளைகளில் யார் வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலான ஆப்கள் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் சொல்கின்றன. எக்ஸ்சேஞ்சில் வாங்கி அங்கேயே விட்டிருந்தால், அந்த இருப்பு பிளாக்செயினில் நம் முகவரியிலேயே இல்லை. கம்பெனியின் நோட்டில் இருக்கிறது. அதாவது அமானிதம்.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. பிளாக்செயினில் பிழை இல்லை. திருட்டையும் அது சரியாகவே பதிந்தது. வாடிக்கையாளர்கள்தான் தங்கள் கிரிப்டோவை எடுக்க ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

பிட்காயின் அனுப்பிவிட்டதாக யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால், பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு எக்ஸ்புளோரர் தளங்களில் போட்டுப் பாருங்கள். முகவரி, தொகை, மேலே எத்தனை பிளாக் சேர்ந்திருக்கிறது (6 என்பது வழக்கமான அளவு) எல்லாம் தெரியும். அவர்களே அனுப்பும் லிங்க்கை மட்டும் திறக்காதீர்கள்.